திபெத்தியர் குருதியில் ஒரு பழைய கொடை

கடல்மட்டத்தில் வாழும் நம்மில் ஒருவர் திபெத்தியப் பீடபூமியில் சில வாரங்கள் தங்கினால், அவர் குருதியில் சிவப்பணுக்கள் பெருகும். 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. அக்குறையை ஈடுசெய்ய உடல் காணும் வழி இது. எனினும், குருதி மிகத் தடித்தால் ஓட்டம் தளரும், உறைகட்டிகள் தோன்றக்கூடும், கருவுற்ற பெண்களுக்கும் இடர் மிகும்.

திபெத்தியர் பெரும்பாலோர்க்கு இந்நிலை நேர்வதில்லை. இபிஏஎஸ்1 என்னும் மரபணுவின் தனிவடிவம் ஒன்று அவர்களின் சிவப்பணுப் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது என்பது 2010இல் தெரியவந்தது. அவ்வடிவம் சமவெளிச் சீனரிடம் மிக அரிது. அப்படியாயின் எங்கிருந்து வந்தது?

விடை சைபீரியாவில் கிடைத்தது. அல்த்தாய் மலையின் டெனிசோவா குகையில் 2008இல் அகழ்ந்தெடுத்த சிறு விரலெலும்பை சுவாந்தே பேபோ குழுவினர் ஆராய்ந்து, அது அதுவரை அறியப்படாத மாந்தக் கிளையினது என 2010இல் அறிவித்தனர். டெனிசோவர் எனப் பெயர் பெற்ற அக்கிளையினரின் மரபணுத்தொகுதியில், திபெத்தியரின் தனிவடிவத்தை நெருங்கி ஒத்த வடிவம் இருப்பது 2014இல் வெளியாயிற்று. இருசாராரும் கலந்து பெற்ற மக்களின் வழியே அது வந்துள்ளது.

டெனிசோவர் பீடபூமியிலும் வாழ்ந்தனர். பைஷியா குகையில், 3,280 மீட்டர் உயரத்தில், 1980இல் துறவி ஒருவர் ஒரு கீழ்த்தாடையைக் கண்டெடுத்தார். அதன் பல்லில் எஞ்சியிருந்த புரதம் அது டெனிசோவருடையது என்பதை 2019இல் காட்டியது. அதன் வயது குறைந்தது 1,60,000 ஆண்டு. ஆயினும் மரபணு அங்கேதான் கைமாறிற்று என நாம் கொள்ளலாகாது. ஒரு தாடை அவ்வளவுக்குச் சான்றாகாது.

மரபுச் சோதனை தரும் விழுக்காட்டைக் கொண்டு தம் இயல்பை அளக்க முனைவோர் இன்று பலர். அவர்களுக்கு நாம் காட்டவேண்டிய எடுத்துக்காட்டு இது. நம் அண்டை வட்டாரமான பாப்புவாவின் மக்களிடமும் பிலிப்பீன்சின் அய்த்தா மக்களிடமும் டெனிசோவர் மரபு பல மடங்கு மிகுதி. திபெத்தியரிடமோ அது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. இருந்தும் இவ்வடிவம் பரவி நிலைத்தது திபெத்தியரிடமே.

உயரத்தில் வாழ்ந்ததால் மரபணு மாறிற்று என மாணவர் எழுதுவதுண்டு. அது பிழை. வடிவம் முன்னரே சிலரிடம் இருந்தது. மெல்லிய காற்றில் அவர்களின் பிள்ளைகளே மிகுதியாகப் பிழைத்தனர். தலைமுறைதோறும் அதனை உடையோர் தொகை பெருகிற்று.