அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டிய பலி

தினசரி ஜெபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற இந்த வரிசையில், இன்றைக்கு நன்றி சொல்வதைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். கையில் வேதாகமம் இருந்தால் லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து வச்சுக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க திறக்க வேண்டாம், நானே சொல்லிடுறேன்.

நன்றியைப் பற்றிப் பேசுவதற்கு லேவியராகமமா என்று சிலர் யோசிக்கலாம். சங்கீதம் 103, சங்கீதம் 136 என்று போயிருக்கலாமே? போகலாம். ஆனால் சங்கீதங்களில் அடிக்கடி வருகிற ‘ஸ்தோத்திரபலி’ என்கிற வார்த்தை பிறந்த இடம் இந்த அதிகாரம்தான். அது என்ன என்று தெரியாமலேயே நாம் பாடிக்கொண்டிருக்கிறோம்.

நம்முடைய சபைகளில் ‘ஸ்தோத்திரம்’ எத்தனை வேலை செய்கிறது என்று கவனிச்சிருக்கீங்களா? வாசலில் பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக ஸ்தோத்திரம். போனை எடுத்தால் ஹலோவுக்குப் பதிலாக ஸ்தோத்திரம். ஜெபத்தில் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாத இடைவெளியிலும் ஸ்தோத்திரம். ஆயிரம் ஸ்தோத்திரங்களை அச்சடித்த சின்னப் புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது; காலையில் அதை வாசித்து முடிக்கிற அம்மாமார்களை எனக்குத் தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வார்த்தை வராத நாளில் அந்தப் புத்தகம் கைத்தடி மாதிரி. ஆனால் ஆயிரத்தையும் சொல்லி முடித்த பிறகும், நேற்று என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தைக்கூட நான் தேவனிடம் சொல்லாமல் இருந்திருக்க முடியும். அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

சரி, லேவியராகமத்துக்கு வருவோம். சமாதான பலிகளில் மூன்று வகை உண்டு. பொருத்தனைக்காகக் கொடுப்பது, உற்சாகமாகக் கொடுப்பது, நன்றிக்காகக் கொடுப்பது. மூன்றிலும் கொழுப்பு பலிபீடத்துக்குப் போகும், ஒரு பங்கு ஆசாரியனுக்குப் போகும், மீதி கொண்டுவந்தவனுக்கே திரும்ப வரும். அவன் அதைச் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு வகையில் மீதியை மறுநாளும் சாப்பிடலாம். நன்றிக்கான பலியில் மட்டும் அந்தச் சலுகை இல்லை. கொண்டுவந்த அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி இருக்கக் கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. அது ஒரு மாடோ ஆடோ. அதோடு புளிப்பில்லாத அதிரசம், அடை, எண்ணெயில் பிசைந்து சுட்ட பலகாரம் என்று ஒரு பட்டியல் வருகிறது. அது போதாதென்று புளித்த மாவின் அப்பமும் உண்டு. பலிபீடத்தில் எரிக்க அனுமதியில்லாத புளித்த அப்பம், வீட்டில் தினமும் சாப்பிடுகிற சாதாரண அப்பம், இந்தப் பலியோடு சேர்ந்து வருகிறது. இவ்வளவையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் சாப்பிட்டுத் தீர்க்க முடியுமா? ஒரு ஆடு என்றாலே நம் வீட்டில் முடியாது. ஃப்ரிட்ஜும் கிடையாது, இருந்தாலும் வைக்க அனுமதி கிடையாது. அப்படியென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: ஆளைக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், ஏழை என்று எல்லாரையும். அந்தச் சட்டத்தின் நோக்கம் இதுதான் என்று வசனம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு வேறு எதுவாகவும் இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். சங்கீதம் 22இல் உதவி பெற்ற மனுஷன் சபை நடுவில் பொருத்தனையைச் செலுத்தும்போது, அந்த இடத்தில் எளியவர்கள் வயிறார சாப்பிடுகிறார்கள் என்று வருகிறதே, அந்தக் காட்சியையும் இதோடு சேர்த்து வாசிங்க.

வந்து உட்கார்ந்தவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? “என்ன விசேஷம்?” என்றுதான் கேட்பார்கள். அப்போது அவன் சொல்லியாக வேண்டும். காய்ச்சலில் கிடந்தேன், பிழைத்தேன். கடலில் மாட்டினேன், கரை சேர்ந்தேன். சங்கீதம் 107 அப்படிப்பட்ட நான்கு கூட்டத்தாரை வரிசையாக நிறுத்துகிறது. வனாந்தரத்தில் வழி தவறியவர்கள், சிறையில் கட்டுண்டவர்கள், வியாதிப்பட்டவர்கள், புயலில் சிக்கிய கப்பல்காரர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. பொதுவான நன்றி என்று ஒன்று அந்தச் சங்கீதத்தில் இல்லை.

நம்ம ஊரிலும் இதன் சாயல் இருக்கிறது, தெரியுமா? மகனுக்கு வேலை கிடைத்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, ஜெபம் முடிந்ததும் இலை போடுகிறோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சபைகளில் அசனப் பண்டிகை என்றால் ஊரே பந்தியில் உட்காரும். காரில் வந்தவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். லேவியராகமத்துக்கு மிக அருகில் நாம் வருகிற இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயரும் தொகையும் எழுதிக் கொடுத்து, அது அறிவிப்பில் வாசிக்கப்படுவதைவிட அந்தப் பந்தி எனக்குப் பிடிக்கும்.

இனி அந்த வார்த்தையைப் பார்ப்போம். ஸ்தோத்திரபலி என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெய வார்த்தை ‘தோதா’. இன்றைக்கும் இஸ்ரவேலில் கடைக்காரர் சில்லறை கொடுத்தால் ‘தோதா’ என்றுதான் நன்றி சொல்வார்கள். இதே வார்த்தை யோசுவா 7ஆம் அதிகாரத்தில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது. ஆகான் திருடிவிட்டான், மாட்டிக்கொண்டான். யோசுவா அவனிடம், நடந்ததை மறைக்காமல் சொல், தேவனுக்குத் தோதா செலுத்து என்கிறான். தமிழில் அங்கே ‘அறிக்கை’ என்று இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. நன்றி சொல்வதற்கும் உண்மையை ஒத்துக்கொள்வதற்கும் ஒரே வார்த்தை. நடந்ததை நடந்தபடி தேவனுக்கு முன்பாகச் சொல்வதுதான் அதன் அடி அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ஒரு சகோதரியின் கடிதம். கணவரை அடக்கம் செய்த அன்றைக்கு, வந்தவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் சொல்லணும்னு வசனம் இருக்கு” என்று சொன்னாராம். இவரால் சொல்ல முடியவில்லை. ஆறு மாதமாகியும் வரவில்லை. நான் தேவனுக்குக் கீழ்ப்படியாதவளா என்று கேட்டிருந்தார்.

இல்லை, அம்மா.

அந்த வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. பவுல் அங்கே எழுதியது ‘எல்லாவற்றிலேயும்’. மூலத்திலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். அந்தச் சூழ்நிலையின் உள்ளே நின்றுகொண்டு என்று அர்த்தம். மரணத்துக்காக நன்றி சொல்லு என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. உடனே ஒருவர், “பிரதர், எபேசியர் 5:20இல் ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று இருக்கிறதே” என்பார். இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் எதற்கெல்லாம் தேவனை ஸ்தோத்திரிக்கிறார் என்று எண்ணிப் பாருங்க: தெரிந்துகொண்டது, மீட்பு, பாவமன்னிப்பு, ஆவியின் முத்திரை. கிறிஸ்துவில் கிடைத்த நன்மைகளின் பட்டியல் அது. அதை எடுத்து ஒரு விதவையின் தலையில் அடிப்பதற்கு அந்த வசனத்தில் இடமில்லை என்பது என் வாசிப்பு. ‘கடைசி சத்துரு’ என்று 1 கொரிந்தியர் 15 பெயர் வைத்த மரணத்துக்கு எப்படி நன்றி சொல்வது?

அதுமட்டுமல்ல, சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்க. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்காவது நன்றிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இருளிலேயே முடிகிறது. அதையும் தேவனுடைய ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தார்கள். தோதா என்றால் உண்மையைச் சொல்வது என்று பார்த்தோமே. இன்றைக்கு இருள்தான் உண்மை என்றால், அதை அவரிடம் சொல்வது ஜெபம். ஸ்தோத்திரம் என்று பொய்யாகச் சொல்வதைவிட அது மேல்.

அப்படியென்றால் துக்கத்தின் உள்ளே நன்றியே கிடையாதா? உண்டு. ஆதியாகமம் 29இல் லேயாளைப் பாருங்க. புருஷன் நேசிக்காத மனைவி. ரூபன் பிறந்தபோது இனி என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். சிமியோன், லேவி பிறக்கும்போதும் அதே ஏக்கம்தான். நான்காவது பிள்ளைக்கு மட்டும் இந்த முறை கர்த்தரைத் துதிப்பேன் என்று யூதா எனப் பெயர் வைக்கிறாள். தோதா பிறந்த அதே வேர்ச்சொல்தான் யூதாவும். யாக்கோபு மாறிவிட்டானா? அடுத்த அதிகாரத்தை வாசித்தால் தெரியும், மாறவில்லை. அவளுடைய குறை அப்படியே இருக்கிறது. அதன் நடுவில் கையில் ஒரு பிள்ளை இருக்கிறது. பிள்ளைக்காக நன்றி சொல்கிறாள். புருஷனைப் பற்றி அந்த முறை ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பெரிய ஆறுதல்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மார்ட்டின் ரின்கார்ட், 1586இல் பிறந்தவர், ஜெர்மனியின் சாக்சனியில் ஐலன்புர்க் என்கிற ஊரின் போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் அகதிகள் வந்து நிரம்பினார்கள். 1637இல் கொள்ளைநோய் வந்தது. மற்ற போதகர்கள் இல்லாமல் போக, ரின்கார்ட் அந்த ஒரு வருடத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. உலகம் முழுவதும் சபைகளில் இன்றைக்கும் பாடப்படுகிற ஒரு பெரிய நன்றிப் பாட்டை எழுதியவர் இவர்தான்.

பிரசங்கங்களில் இந்தக் கதையை, அத்தனை பிணங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பாட்டை எழுதினார் என்று சொல்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் பாட்டு அந்த வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டது என்றுதான் பொதுவாக ஏற்கப்படுகிறது. எழுதிய காரணமும் சாதாரணமானது: சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் சொல்வதற்கான சின்ன ஜெபம். எனக்கு இந்த உண்மைதான் அந்தக் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆபத்து வந்த அன்றைக்கு அவர் நன்றியைத் தேடி ஓடவில்லை. ஒன்றுமில்லாத சாதாரண நாட்களில், ரொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டில் பழகிய வார்த்தைகள் அவரிடம் ஏற்கெனவே இருந்தன.

தானியேலிடமும் இதுதான். சிங்கக் கெபிக்கு அனுப்பும் சட்டம் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போய், தினம் மூன்று வேளை செய்தபடியே முழங்காலில் நின்று ஜெபித்து ஸ்தோத்திரம் செலுத்துகிறான். ‘முன் செய்து வந்தபடியே’ என்று வேதம் சொல்வதை விட்டுவிட்டு நாம் சிங்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆலயத்திலும் காலையிலும் மாலையிலும் நின்று துதிப்பதற்கென்றே லேவியரை வைத்திருந்தார்கள், 1 நாளாகமம் 23இல் இருக்கிறது. மனசு வந்தால் பாடு என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அது அவர்களுடைய முறை வேலை.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? ராத்திரி குடும்ப ஜெபத்தில், விண்ணப்பங்களை ஆரம்பிக்கும் முன், ஒவ்வொருவரும் இன்றைக்கு நடந்த ஒரு காரியத்தைச் சொல்லட்டும். “எல்லா நன்மைக்காகவும் ஸ்தோத்திரம்” என்பது அன்றைக்கு மட்டும் செல்லாது. பஸ் தவறினபோது பின்னால் வந்தவர் ஏற்றிக்கொண்டு போனார், தண்ணீர் லாரி வந்தது, கணக்கு டீச்சர் திட்டவில்லை, இப்படி. சின்னப் பிள்ளைகள் இதில் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள். நேற்று சொன்னதை இன்றைக்குச் சொல்லக் கூடாது என்றும் வச்சுக்கோங்க, பலிக்குச் சொன்ன அதே விதிதான். சொல்ல ஒன்றுமில்லாத நாளில் ‘இன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஆண்டவரே’ என்று சொல்லவும் வீட்டில் இடம் இருக்கட்டும். பிள்ளை அப்படிச் சொன்னால் திருத்தாதீங்க.

மாதத்தில் ஒரு நாள் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுங்க. பெரிய விருந்து வேண்டாம், சாம்பார் போதும். கூப்பிட்டதற்குக் காரணம் கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லுங்க.

கடிதம் எழுதின சகோதரிக்கு இன்னொரு வார்த்தை. நீங்கள் இப்போதைக்கு சங்கீதம் 88ஐ வாசிங்க, சத்தமாக வாசிங்க. அந்தச் சங்கீதத்தையே அடுத்த வாரம் முழுவதுமாக எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். யார் எழுதினது, ஏன் பதில் வராமலே முடிகிறது, சபையில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று. அதுவரைக்கும் 18 வசனங்களையும் ஒரு தடவை வாசிச்சுட்டு வாங்க.