மலிவாகக் கிடைக்கும் புத்தாடை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒன்று, உயிர்ப்பு விழாவுக்கு ஒன்று என்று நாம் துணி எடுத்த காலம் உண்டு. அண்ணனின் சட்டை தம்பிக்கு வரும், பிறகு அடுப்படியில் கரித்துணியாகும். இன்று தள்ளுபடி அறிவிப்பு வந்தாலே போதும், புதிது எடுக்கிறோம். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய மாதிரிகளைக் குறைந்த விலையில் கடைக்குக் கொண்டுவரும் இந்த வணிகத்தை 'ஃபாஸ்ட் ஃபேஷன்' என்கிறார்கள். ஒரு டி-சர்ட் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குக் கிடைக்கிறது என்றால், மீதி விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்பதே பொருள்.

அவர்களைத் தேடித் தொலைவுக்குப் போக வேண்டாம், திருப்பூர் போதும். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் நிறைய உப்பு சேர்க்க வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும், உப்போ கழிவுநீரோடு வெளியேறிவிடும். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் நாம் சாயத்தைப் பழிக்கிறோம். ஆனால் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியதில் உப்புக்கே பெரும் பங்கு. நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கரைந்த உப்பைப் பிரிப்பதற்கோ ஏராளமான மின்சாரமும் பணமும் வேண்டும். அதனால் பல ஆண்டுகள் அது நொய்யல் ஆற்றில்தான் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்க வேண்டாம் என்று கேட்டார்கள். இதைவிடக் கசப்பான மன்றாட்டு உண்டா?

கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பிறகு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுடன் பட்டறைகள் திறந்தன. நல்ல மாற்றமே. ஆனால் அந்தச் செலவை ஏற்காமல் காசு காசாகப் பேரம் பேசுபவர்கள் இருக்கும்வரை, அது தொழிலாளரின் கூலியில்தான் போய் விடியும்.

கூலி என்றதும் நூற்பாலைகள் நினைவுக்கு வருகின்றன. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை ஆலை விடுதிகளில் தங்கவைத்து, மூன்று ஆண்டு முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். உடல்நலம் கெட்டு இடையில் வீடு திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகையே கிடைக்கவில்லை. நாம் ஒழிக்காத வரதட்சணைதான் இதற்குத் தூண்டில் புழு ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வங்கதேசத்தின் சாவர் நகரில் 2013 ஏப்ரல் 24 அன்று, 'ரானா பிளாசா' என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களின் சம்பளம் மாதம் 38 யூரோ என்று அறிந்த திருத்தந்தை பிரான்சிஸ், மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவன்று, அதை அடிமை உழைப்பு என்றே கூறினார். கொடுக்கப்படாத கூலி கடவுளின் செவிக்கு எட்டுவதாக யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியது இத்தகைய கூலியைப் பற்றியும்தான்.

பழைய துணியை ஏழைகளுக்குத்தானே கொடுக்கிறோம் என்று நமக்கு ஓர் ஆறுதல். பணக்கார நாடுகளிலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அவை மூட்டை மூட்டையாகக் கானா நாட்டின் அக்ரா நகரிலுள்ள கந்தமாண்டோ சந்தைக்குப் போகின்றன. உடுத்த முடியாதவை குப்பையாகிக் கடற்கரை வரை சேர்கின்றன. அந்தத் துணிகளுக்கு அங்குள்ள மக்கள் வைத்திருக்கும் பெயர், 'இறந்துபோன வெள்ளைக்காரரின் உடை'.