இருதய நாடியில் இட்ட வலைக்குழாய்

இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகள் முடியுரு நாடிகள் எனப்படும். கொழுப்புப் படிந்து ஒடுங்கிய இந்நாடிகளைச் சிறு பலூனொன்றால் உள்ளிருந்தே விரிக்கும் முறையை 1977ஆம் ஆண்டிற் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருன்ற்சிக் முதன்முதற் கையாண்டார். அவ்வாறு விரித்த நாடி மீண்டுஞ் சுருங்குவதுண்டு. அதனைத் தாங்கி நிற்கும் உலோக வலைக்குழாயை 1986இல் மனிதரின் நாடியில் இட்டனர். வைத்தியர் ஸ்ரென்ற் என வழங்குவது இதுவே.

உலோகம் உடலுக்கு அந்நியப் பொருள். புண் ஆறுங்கால் இழையம் மிகுந்து வளர்ந்து, சிலரிடத்து வழியை மீண்டும் ஒடுக்கிற்று. இதனைத் தடுக்க மருந்து பூசிய குழாய்கள் வந்தன. ஒடுக்கங் குறைந்தது, ஆயினும் வேறோர் இடர் தலைகாட்டிற்று. வேண்டாத வளர்ச்சியை அடக்கிய அம்மருந்தே, கம்பிகளை மூடவேண்டிய மெல்லிய அகவணியின் வளர்ச்சியையுந் தாமதப்படுத்தியது. மூடப்படாத கம்பியிற் குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக் குருதி உறையலாம். 30 நாள் கழிந்து ஓராண்டுக்குள் நிகழ்வதைப் பிந்திய உறைவு என்றும், அதன் பின்னர் நிகழ்வதை மிகப் பிந்திய உறைவு என்றும் வகுப்பர். இஃது அரிது, நேர்ந்துவிடின் மாரடைப்பாகி உயிரையுங் கவரலாம்.

உறைவின் காரணம் ஒன்றன்று. குழாய் முற்றாக விரியாமை, நாடிச் சுவரோடு பொருந்தாமை, கம்பி முறிதல், குழாயினுள்ளே புதிதாகக் கொழுப்புப் படிதல் என்பனவுங் காரணமாம். சாயமேற்றி எடுக்குங் கதிர்ப்படம் குருதி ஓடும் வழியின் வடிவத்தையே காட்டும். சுவரின் நிலையைக் காட்டாது. ஆதலின், நாடியினுள்ளே செலுத்தும் நுண்கருவிகள் வேண்டப்பட்டன. அவற்றுள் ஒன்று செவிக்கெட்டா ஒலியலைகளைக் கொண்டு சுவரின் ஆழத்தைக் காட்டும். மற்றையது கண்ணுக்குப் புலனாகாச் செந்நிறக்கீழ் ஒளியைக் கொண்டு 10 முதல் 20 மைக்ரோமீற்றர் வரையான நுட்பங்களையும் பிரித்துக் காட்டும். குருதி இவ்வொளியை மறைக்குமாதலாற் படமெடுக்குங் கணத்தில் அதனைத் திரவமொன்றாற் கழுவி அகற்றுவர். ஒளி நுட்பத்தில் விஞ்சும். ஒலி ஆழத்தில் விஞ்சும்.

காரணம் புலப்படின் பரிகாரமும் வேறுபடும். விரியாத குழாயைப் பலூனால் மேலும் விரித்தல் போதியதாகலாம். புதிய கொழுப்புப் படிவு வெடித்தவிடத்து மற்றொரு குழாய் வேண்டப்படலாம்.

எனினும், கருவியினும் முந்திய காவல் நோயாளர் கையிலேயே உளது. நோவு நீங்கியமையால் நோயும் நீங்கிற்று எனக் கருதி, சிறுதட்டுக்கள் ஒட்டாவண்ணங் கொடுக்கப்பட்ட குளிசைகளை வைத்தியரைக் கேளாது நிறுத்துதல் பேராபத்தாகும். பல் பிடுங்குவதற்காயினும் வேறு சத்திரசிகிச்சைக்காயினும் அவற்றை நிறுத்துமுன் இருதய வைத்தியரை வினாவுதல் வேண்டும்.