பள்ளிச் சுவரின் விரிசலைப் பார்ப்பது யார்?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று நிகழ்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகி மாண்டனர். சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவியது. குறுகிய படிக்கட்டு வழியே தப்ப இயலாமல் போனதே பேரிழப்புக்குக் காரணமாயிற்று. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்ததும், அதன் மேல் கீற்றுக் கூரை இருந்ததும் இரகசியம் அல்ல. நாள்தோறும் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர் அதைப் பார்த்தனர். தெருவில் போவோரும் பார்த்தனர்.

அந்த விபத்தை அடுத்துத் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று உச்சநீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. விதிகள் கடுமையாயின. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை இன்றிப் பள்ளிகள் அங்கீகாரம் பெற முடியாது.

ஆனாலும், 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் தனியார் பள்ளியொன்றின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்.கே.ஜி. சிறுமி இறந்தாள். அதே ஆண்டு ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டம் பிப்லோடி கிராமத்தில் அரசுப் பள்ளியின் கூரை சரிந்து ஏழு குழந்தைகள் பலியாயினர். கூரையிலிருந்து கற்கள் விழுவதை மாணவர்கள் முன்பே ஆசிரியர்களிடம் கூறியதாகச் செய்திகள் வெளிவந்தன.

இவற்றை விதிகள் போதாமையால் நேர்ந்தவை என்று கூற முடியாது. ஆபத்தை அறிந்தவரும், அதை நீக்கும் அதிகாரம் பெற்றவரும் வெவ்வேறு இடங்களில் இருப்பதே சிக்கலின் வேர்.

சான்று என்பது ஒரு நாளின் நிலையைக் காட்டுவது. ஆய்வாளர் வந்து போன பிறகு பெய்யும் மழையில் சுவர் ஊறுகிறது. இரும்பு மூடி துருப்பிடிக்கிறது. மின்விசைப் பலகை உடைகிறது. இம்மாற்றங்களை அறிவோர் அன்றாடம் அங்கே புழங்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், சமையலர்கள், பெற்றோர்கள் மட்டுமே. எத்தனை ஆய்வாளர்களை நியமித்தாலும் இந்த அறிவுக்கு அவர்கள் ஈடாக முடியாது.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இதற்கு ஒரு கோட்பாட்டு அடித்தளம் தந்தார். கல்வி, காவல் போன்ற சேவைகளை வழங்குவோர் மட்டும் உருவாக்கிவிட முடியாது. பெறுவோரின் பங்களிப்பும் சேர்ந்தால்தான் அவை முழுமை பெறும் என்பது அவரது ஆய்வுகள் உணர்த்தும் கருத்து. பள்ளிப் பாதுகாப்பும் இத்தகைய சேவையே.

தலைமை ஆசிரியரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பறை பழுதென்று அவர் எழுதினால் அதைப் பூட்ட வேண்டும். மாணவர்களை மரத்தடியில் அமர்த்த வேண்டும். 'ஏன் இதுவரை சொல்லவில்லை' என்ற விளக்கக் கேள்விக்கும் விடையளிக்க வேண்டும். எழுதாமல் இருந்தாலோ, பெரும்பாலான நாள்களில் எதுவும் நேராது. உண்மையைச் சொல்பவருக்குச் சுமையும் மௌனம் காப்பவருக்கு நிம்மதியும் கிடைக்கும் அமைப்பில் மௌனமே பெருகும். அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள ஊர் முன்வர வேண்டும்.

இதற்கான அமைப்பு சட்டத்திலேயே உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்துள்ளது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டையும் நிதிப் பயன்பாட்டையும் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அதன் பணிகள். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் புத்துயிர் பெற்றன.

எனினும் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கோ இக்குழு கட்டாயமே இல்லை. கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் துயரம் நேர்ந்தது உதவிபெறும் பள்ளிகளில். விக்கிரவாண்டியில் தனியார் பள்ளியில் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நிர்வாக உரிமையில் தலையிடாமலேயே, பாதுகாப்பைப் பொறுத்தவரை மட்டுமாவது எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோர் குழுவுக்கு ஆய்வு செய்யும் உரிமையை வழங்கலாம்.

அரசுப் பள்ளிகளில் நாளையே தொடங்கக் கூடியவை சில உள்ளன. மாதம் ஒருமுறை குழு உறுப்பினர்கள் பள்ளியைச் சுற்றிப் பார்க்கட்டும். ஊரிலுள்ள அனுபவமிக்க கொத்தனாரையும் மின்பணியாளரையும் உடன் அழைத்துக்கொள்ளட்டும். சுவர், கூரை, கழிப்பறை, கிணறு, தொட்டி மூடி, மின்கம்பி, சமையற்கூடம் என ஒரு பக்கப் பட்டியல் போதும். மாணவர்களிடமும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் போக அஞ்சுகிறார்கள் என்பதைக் குழந்தைகளே சரியாகச் சொல்வார்கள்.

கண்டவற்றைப் பதிவேட்டில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பியபின், குறித்த நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விடை தர அலுவலரைக் கடமைப்படுத்த வேண்டும். இது இல்லையேல் மற்றவை யாவும் சடங்காகிவிடும். மூன்று முறை சொல்லியும் விடை வராத பெற்றோர் நான்காம் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அப்பதிவேடு வாசிக்கப்பட்டால், மௌனம் காப்பது அலுவலருக்கும் எளிதாக இராது.

கட்டடத்தோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. 2012-இல் சேலையூர்ப் பள்ளியொன்றின் பேருந்துத் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து சிறுமி இறந்தபின் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அந்த ஓட்டையும் அதில் நாள்தோறும் ஏறிய பிள்ளைகளின் கண்ணெதிரே இருந்ததுதான். பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பு தேவை. அத்தகைய புகாரைக் குழுவோ ஊர்ப் பெரியவர்களோ பேசித் தீர்க்கக் கூடாது. அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் கட்டளை. 1098 என்ற உதவி எண்ணும் உண்டு.

ஊரின் ஒத்துழைப்பு என்ற பெயரில் அரசு தன் கடமையைப் பெற்றோர் தலையில் ஏற்றிவிடக் கூடாது. நாள் கூலிக்குச் செல்லும் தாயிடம் சுற்றுச்சுவர் கட்ட நன்கொடை கேட்பது பங்கேற்பு ஆகாது. பணமும் பொறியாளரும் அரசின் பொறுப்பு. பார்ப்பதும் கேட்பதும் விடை வரும்வரை விடாதிருப்பதும் ஊரின் பொறுப்பு.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது கையொப்பமிட்டுத் திரும்பாமல், ஒருமுறை பள்ளியைச் சுற்றி வந்து, கண்டதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.