மகிழ்விக்க அழைத்துச் சென்று அழவைக்கலாமா?

பெருநாள் கழிந்த மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வேன் புறப்படுகிறது. அத்தா, அம்மா, பாட்டி, மாமி, அவர்களுடைய பிள்ளைகள். மடியில் சோற்றுப் பாத்திரம். எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி.

அதே நாள் மாலை நான்கு மணி. உல்லாசப் பூங்காவின் நடுவே ஆறு வயதுச் சிறுவன் தரையில் புரண்டு அழுகிறான். இன்னொரு முறை இராட்டினத்தில் ஏற வேண்டுமாம். ஊரார் பார்க்கிறார்கள். அவமானம் தாங்காத தந்தை கையை ஓங்கி அறைந்துவிடுகிறார். பிறகு வீடு வந்து சேரும்வரை வேனில் பேச்சே இல்லை.

அன்பார்ந்த வாசகர்களே! இக்காட்சி உங்களுக்குப் புதியதா? பிள்ளையை மகிழ்விப்பதற்காகவே மாதக்கணக்கில் சேமித்த பணம், அவனை அழவைப்பதில் வந்து முடிந்தது ஏன் என்று சற்றே சிந்திப்போம்.

நம் வட்டாரத்து மக்களுக்கு இத்தகைய பூங்காக்கள் எட்டாத தொலைவில் இல்லை. செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும் பல ஆண்டுகளாக அறிமுகமானவை. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவும் திறக்கப்பட்டது. எனினும் கிராமத்துக் குடும்பத்துக்கு நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, உணவு என்று கூட்டிப் பார்த்தால் அது சிறு செலவன்று. ‘இவ்வளவு செலவு செய்தும் இப்படி நடந்துகொள்கிறானே’ என்ற எண்ணமே பெற்றோரின் சினத்தை இருமடங்காக்கிவிடுகிறது.

ஆனால் அந்தச் செலவு பிள்ளைக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தவை வேறு. விடியுமுன் எழுப்பப்பட்டான். நண்பகல் வெயிலில் நீண்ட வரிசையில் நின்றான். உணவு வேளை தவறிற்று. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் விருப்பம்போல் ஓடித் திரிந்தவனை இரைச்சலும் கூட்டமும் சூழ்ந்துகொண்டன. உடல் களைத்துவிட்டது, களைத்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்குச் சொற்கள் இல்லை. அழுகைதான் அவன் அறிந்த மொழி. நாம் அடங்காமை என்று பெயரிடுவதில் பாதி, பசியும் தூக்கமும் அல்லவா?

சிறுவராக இருந்தபோதே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். ஒருநாள் ஒரு வேலையாக அவரை அனுப்பினார்கள் பெருமானார். வழியிலே பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். அனஸ் அங்கேயே நின்றுவிட்டார். சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவருடைய பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள்! முகத்திலே சினமில்லை, புன்னகை இருந்தது. சொன்ன இடத்திற்குப் போனாயா என்று அன்போடு கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். பத்தாண்டுப் பணிவிடையில் ஒருமுறைகூடத் தம்மைப் பார்த்துச் ‘சீ’ என்று அவர்கள் சொன்னதில்லை என்பதும் அவரே அளித்த சான்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேலையை மறந்துவிடு என்று பெருமானார் சொல்லவில்லை. வேலை செய்தாக வேண்டியதே. ஆயினும் அதை நினைவூட்டிய முறையிலே கடுமை இல்லை. உறுதியும் கனிவும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இனி நடைமுறைக்கு வருவோம். புறப்படும் முன்பே பிள்ளைகளை அமர்த்திப் பேசுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம், விளையாட்டுப் பொருள் வாங்குவோமா, வாங்கினால் எத்தனை என்பதை முன்னரே சொல்லுங்கள். சில இராட்டினங்களில் உயரம் அளந்துதான் ஏற்றுவார்கள். அண்ணன் ஏறலாம், தம்பி ஏற முடியாது. அது தண்டனையன்று, அவன் உயிருக்குக் காவல் என்பதை வீட்டிலேயே விளக்கிவிட்டால் அங்கே ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று ஒரு தாய் தம் சிறுவனை அழைத்தார். என்ன தரப்போகிறீர் என்று வினவினார்கள் நபிகள் (ஸல்). பேரீச்சம்பழம் என்றார் அவர். தராமல் விட்டிருந்தால் அது பொய்யாகவே பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள். அப்படியானால் ‘அழுதால் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன்’ என்று நாம் மிரட்டுவது எத்தகையது? அது பொய், அதோடு, அன்னியர் கூட்டத்தின் நடுவே பிஞ்சு நெஞ்சில் விதைக்கும் அச்சம்.

உணவு வேளையைத் தள்ளிப் போடாதீர்கள். லுஹர் நேரம் வந்ததும் நிழலான ஓரிடத்தில் தொழுகை, பின்பு உணவு, பின்பு சிறிது ஓய்வு என்று வகுத்துக்கொண்டால் பெரியவர்களின் கடமையும் நிறைவேறும். பிள்ளைகளின் உடலும் தேறும். கிளம்பும்போது திடீரென்று கையைப் பிடித்து இழுக்காமல், இன்னும் ஒரு சுற்று, பிறகு வீடு என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

அப்படியும் அழுது புரண்டால்? கூட்டத்தை விட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துச் செல்லுங்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, தாழ்ந்த குரலில் இரண்டே வார்த்தை பேசுங்கள். அழுகை ஓயும்வரை காத்திருங்கள். பார்ப்பவர்களுக்காக அடிக்காதீர்கள், வாயை அடைப்பதற்காக ஐஸ்கிரீமும் வாங்கித் தராதீர்கள். அழுதால் கிடைக்கும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டவன் அதை எளிதில் மறக்கமாட்டான். தந்தை மறுத்ததைப் பாட்டி இரகசியமாகக் கொடுப்பதும் கூடாது. ஆனால் பிறர் பிள்ளையைத் தள்ளினாலோ வரிசையில் முந்தினாலோ உடனே தடுத்தாக வேண்டும். அங்கே பிறருடைய உரிமை இருக்கிறது. நாமே வரிசையைக் குலைத்தால் எந்த முகத்தோடு அவனைத் திருத்துவோம்?

கூட்டத்தில் பிள்ளை தவறிவிடும் ஆபத்தும் உண்டு. உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடைப் பணியாளரிடம் சொல்லவும் பழக்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைப் பெரியவர்களும் நினைவில் கொள்வது நல்லது. கிடைத்த பிள்ளையை முதலில் அணைத்துக்கொள்ளுங்கள், அறிவுரை பிறகு.

பிள்ளைகளை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதும் அடக்கத்துக்கு ஒரு வழி. நம் உத்திரமேரூரின் கல்வெட்டுகள் உலகறிந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் பணியை அன்றைய பெரியோர் யாரிடம் ஒப்படைத்தார்கள்? ஒன்றும் அறியாத ஒரு சிறுவனிடம்! ஊரின் நிர்வாகத்தையே தீர்மானிக்கும் ஓலையைச் சிறுவனின் கையில் நம்பிவிட்ட மண் இது. தண்ணீர்ப் பாட்டிலைச் சுமக்கவும், தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளவும், அடுத்து எந்த இராட்டினம் என்று தேர்ந்தெடுக்கவும் நம் பிள்ளையை நாம் நம்பக்கூடாதா?

இரவில் வேன் ஊர் திரும்பும்போது அவன் உங்கள் மடியில் உறங்கிப் போவான். எத்தனை இராட்டினத்தில் ஏறினான் என்பது சில ஆண்டுகளில் மறந்துவிடும். அழுதபோது அத்தா என்ன செய்தார் என்பது மறக்காது. பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் கண்ணியத்தோடு பேணும் பொறுமையை அவன் நமக்கு அருள்வானாக!