தகப்பனிடம் கேட்டீர்களா?



பாலக்காட்டு எல்லையிலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலிருந்தும், இடுக்கி மலைகளிலுள்ள மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலிருந்தும் பிழைப்புக்காக நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நம் சபைகளில் அநேகம். அத்தகைய ஒரு குடும்பத்தின் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அடக்க ஆராதனை நடத்தச் சென்றிருந்தேன். அவரைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி மூத்த மகனைக் கேட்டேன். "அப்பா நேவியில் இருந்தார், கஷ்டப்பட்டு எங்களைப் படிக்க வைத்தார்" என்றார். அதற்குமேல் அவருக்கு வார்த்தை எழவில்லை. எந்தக் கப்பலில் இருந்தார், எத்தனை வருடம் கடலில் கழித்தார் என்பது அவருக்குத் தெரியாது. "ஒருநாளும் நான் கேட்கவில்லையே, ஐயா" என்று அழுதார்.

கடற்படையில் உழைத்த வேறொரு தகப்பனைக் குறித்து நாம் இவ்வளவு விவரமாய் அறிந்திருப்பது எப்படி? வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில், 1941இல், பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிவுக்காக இளம் வயதிலேயே வீரப் பதக்கம் பெற்றார். 1971ஆம் ஆண்டுப் போரில் விசாகப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்படையை நடத்தினார். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை அந்தமான் பகுதியில் மறைத்து வைத்து, அது விசாகப்பட்டினத்தருகே இருப்பதுபோல் எதிரியை நம்பச் செய்தார். அவ்வருடம் டிசம்பர் 16இல் டாக்காவில் நடந்த சரணடைதலின்போதும் உடனிருந்தார்.

கடற்படைப் பணி முடிந்தபின்பும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1972இல் அடிக்கல் நாட்டப்பட்டு, தொடக்க நிலையிலிருந்த கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1982இல் அவர் மரித்தார். அதே தளத்தில் கட்டப்பட்ட புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2இல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. விதைத்தவர் அந்த அறுப்பைக் காணவில்லை.

ஆயினும் அவருடைய பிரயாசம் மறக்கப்படவில்லை. அவர் தம் அனுபவங்களை எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, மகன் அர்ஜுன் கிருஷ்ணன் தகப்பனாரின் நினைவுக்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். தகப்பன் எழுதினார், மகன் அதைக் காத்தார்.

நம் தகப்பன்மார் அட்மிரல்கள் அல்லர். பலர் எழுதவும் அறியாதவர்கள். அதனாலேயே நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பூர்வநாட்களைக் குறித்துத் தகப்பனிடம் விசாரிக்கும்படி மோசே இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டார் (உபாகமம் 32:7). ஞானியாகிய சாலொமோனும் தன் தகப்பன் தனக்குப் போதித்ததை நினைவுகூர்ந்து தன் பிள்ளைகளுக்குச் சொன்னார் (நீதிமொழிகள் 4:3, 4). கேட்பதும் கனப்படுத்துவதே.

தேவபிள்ளைகளே, வருடத்தில் சில வாரங்களே வீட்டிலிருந்த தகப்பன்மேல் சிலருக்கு மனக்கசப்பு உண்டு. தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் வளர்ந்ததை நண்பர்களுக்குச் சொல்லச் சிலர் வெட்கப்படுகிறார்கள். அவர் ஏன் வரவில்லை, எதைச் சுமந்தார் என்று அறிந்தால் அந்தக் கசப்பும் வெட்கமும் நன்றியாக மாறக்கூடும்.

ஆகையால் இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, மிகவும் பயந்த இரவு எது, எந்த வேளையில் கர்த்தர் தப்புவித்தார் என்று அப்பாவிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளும் அருகிலிருந்து கேட்கட்டும். சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி, தேதியிட்டு, குடும்ப வேதாகமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனாரை இழந்தவர்கள் தாயாரையோ, சித்தப்பாவையோ, அவருடன் வேலை செய்தவரையோ கேட்கலாம்.

அன்று அழுத அந்தச் சகோதரன், அடக்கம் முடிந்த மறுவாரமே தகப்பனாரின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அதிலிருந்த பணிச்சான்றிதழில் கப்பலின் பெயர் இருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அவருக்கு நாற்பது வருடங்கள் தரப்பட்டிருந்தன.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.