கடைசி விதையிலிருந்து பின்னோக்கி

மேற்கு ஆப்பிரிக்காவின் அவாரி பலகையை முதன்முறை பார்க்கும் தமிழருக்கும் அது பழகியதாகவே தோன்றும். பல்லாங்குழியின் நெருங்கிய உறவு அது. பக்கத்துக்கு ஆறாக 12 குழிகள், குழிக்கு நான்காக 48 விதைகள். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கடைசி விதை எதிராளியின் குழியில் விழுந்து அங்கே இரண்டோ மூன்றோ சேர்ந்தால் அவை நமக்கு. 25 சேர்த்தவருக்கு வெற்றி.

2002-ல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்தை முழுமையாகத் தீர்த்தார்கள். இருவரும் பிழையின்றி ஆடினால் முடிவு சமன். ஆட்டத்தில் வரக்கூடிய 88,906 கோடியே 33 லட்சத்து 98 ஆயிரத்து 406 நிலைகளில் எதைக் காட்டினாலும், அங்கிருந்து யாருக்கு எத்தனை விதை கிடைக்கும் என்று அவர்களின் அட்டவணை சொல்லிவிடும்.

இத்தனை நிலைகளை எப்படி அலசினார்கள்? எனக்கு வியப்பாக இருப்பது அந்த வழிதான். சதுரங்க நிரல்கள், ‘நான் இதை நகர்த்தினால் அவர் எதை நகர்த்துவார்’ என்று முன்னோக்கித் தேடுபவை. இவர்கள் ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்கினார்கள். பிடித்த விதை மீண்டும் பலகைக்கு வருவதில்லை. ஆகவே பலகையில் ஒரே விதை மிஞ்சிய நிலைகளுக்கு முதலில் விடை கண்டுவிடலாம். அவை வெறும் 12. இரண்டு விதைகளுக்கு 78, மூன்றுக்கு 364. இப்படியே 48 வரை ஏற வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு சிக்கல் உண்டு. விதைகளைப் பிடிக்கும் நகர்வு, முன்பே விடை தெரிந்த சிறிய அட்டவணைக்குப் போய்விடும். எதையும் பிடிக்காத நகர்வோ அதே படியில் வேறொரு நிலைக்குத்தான் போகும். அதன் விடை இன்னும் தெரியாது. சில சமயம் சுற்றிவந்து பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதனால் விடை தெரிந்த ஒரு நிலையை எடுத்து, ‘எந்த நிலைகளிலிருந்து இங்கே வந்திருக்க முடியும்?’ என்று நகர்வைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது நிரல். அப்படிக் கிடைத்த முந்தைய நிலைகளின் மதிப்பைத் திருத்துகிறது. திருத்த எதுவும் மிஞ்சாத நிலை வரும்வரை இது தொடரும். 144 செயலிகள் இந்த வேலையைப் பகிர்ந்துகொண்டு 51 மணி நேரத்தில் முடித்தன.

எல்லா ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. குவியல்களிலிருந்து காய் எடுக்கும் ‘நிம்’ ஆட்டத்துக்கு 1901-லேயே சார்லஸ் பூட்டன் ஒரு சூத்திரம் தந்துவிட்டார். ஒவ்வொரு குவியலிலும் உள்ள காய்களின் எண்ணிக்கையை இரும எண்களாக எழுதினாலே வெல்லும் நகர்வு தெரிந்துவிடும். மறுபக்கம் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டம். அதைத் தீர்க்க கனடாவின் ஜொனாதன் ஷேஃபர் 1989-ல் தொடங்கிய பணி 2007-ல்தான் முடிந்தது. விடை அங்கும் சமன்தான். ஆனால் அது தொடக்க நிலைக்கான விடை மட்டுமே. நடுவில் வரும் ஏதோ ஒரு நிலையைக் காட்டினால் உடனே பதில் வரும் என்ற உறுதி இல்லை. அதனாலேயே அவாரி அட்டவணையை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

பல்லாங்குழிக்கும் இதே படிமுறை பொருந்தும். ஒரு சுற்றுக்குள் எடுத்த முத்து குழிக்குத் திரும்புவதில்லையே! ஆனால் கை முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்கிறோம். நான்கு சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்கிறோம். இவற்றால் ஒரே நகர்வு பலகையையே மாற்றிவிடும். அதைத் திருப்பிப் போடுவது அவாரியைவிடப் பல மடங்கு கடினம். எனவே எல்லா நிலைகளையும் முன்னோக்கி நகர்த்திப் பார்த்து, எது எங்கே போய்ச் சேர்கிறது என்று குறித்துவைப்பதே நல்லது. குழிக்கு ஐந்தாக 70 முத்துகளை 14 குழிகளில் பரப்பும் வழிகள் 5 கோடி கோடிக்கு மேல். அதை எடுத்த எடுப்பில் தொட வேண்டாம். பத்து முத்துகள் என்றால் 11,44,066 நிலைகள்தான். சாதாரண மடிக்கணினிக்கே அது எளிது. நிரல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைப் பயிற்சியாகத் தரலாம். விதிகளைச் சொல்லித்தர வீட்டில் பாட்டிமார்கள் இருக்கிறார்கள்.